ஸ்பிறிங் இறங்க முன்னம்: லீவர் எஸ்பிரெஸ்ஸோவும் ஒரு துளைத்தட்டும்

எஸ்பிரெஸ்ஸோவின் வரலாறு என்று எதை எடுத்துப் படித்தாலும் அது அழுத்தத்தின் வரலாறாகத்தான் இருக்கிறது. முதலில் ஆவி, அதற்குப் பிறகு லீவர், அதற்கும் பிறகு மின்பம்ப். ஒன்றரை பாரில் தொடங்கி ஒன்பது பாரில் வந்து நிற்கிற கதை. (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்.) கண்டுபிடித்தவர்களின் பெயர்கள், காப்புரிமை ஆண்டுகள், பளபளக்கும் குரோமியம், உச்சியில் கழுகு குந்தியிருக்கும் பித்தளைக் குவிமாடங்கள் எல்லாம் அந்தக் கதையில் வந்து போகும்.

ஆனால் கோப்பித்தூளை அழுத்தம் தொட முன்னம் தண்ணீர் தொடுகிறது. அந்தத் தண்ணீர் தூளின் மேல் எப்படி விழுந்தது, எந்த இடத்தை முதலில் நனைத்தது, எந்த மூலையைக் காயவிட்டது என்பதில் கோப்பையின் பாதி விதி முடிந்துவிடுகிறது. இந்த வேலைக்குப் பொறுப்பு ஒரு துளைத்தட்டு. இயந்திரத்தின் வாய்க்குள், தூளுக்கு நேர் மேலே இருக்கும், உள்ளங்கை அகலம்கூட இல்லாத வட்டத் தகடு. ஷவர் ஸ்கிரீன் எண்டு சொல்லுவினம். எங்களுக்கு அதைப் பார்த்தவுடன் ஞாபகம் வந்தது புகையிலை நாற்றுமேடைக்குத் தண்ணி தெளிக்கிற பூவாளியின் முகம். அதனால் இந்தக் கட்டுரையில் அதைப் பூவாளித்தட்டு என்றே அழைக்கிறோம்.

நாற்றுமேடைக்கு ஏன் வாளியால ஊத்துறதில்லை எண்டு தோட்டம் செய்த ஆட்களைக் கேட்டுப் பாருங்கோ. ஊற்றினால் மண் குழி விழும், விதை ஒரு பக்கமாக அள்ளுப்படும், தண்ணீர் அந்தக் குழி வழியே ஓடிவிடும், மேடையின் மற்றப் பக்கம் காய்ந்து கிடக்கும். இரண்டிலும் தண்ணீரின் அளவு ஒன்றுதான். விழும் விதம்தான் வேறு. கோப்பி இயந்திரத்தில் இந்தச் சிக்கல் எப்போது வந்தது, லீவர் வந்தபோது அது ஏன் பெரிதானது, லீவர் போனபோது என்னவாக மாறியது என்பதுதான் நாங்கள் இங்கே பார்க்க விரும்புவது.

சிக்கலை முதலில் உட்கார்ந்து யோசித்தவர்களில் ஒருவர் கோப்பிக்கடைக்காரர் அல்ல, பௌதிகவியலாளர். றம்ஃபோர்ட் பிரபு, இயற்பெயர் பெஞ்சமின் தொம்சன். அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸில் 1753 இல் பிறந்து, அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரித்தானியரின் பக்கம் நின்று, பவேரியாவில் உயர் பதவி வகித்து, கடைசியில் பாரிஸுக்குப் பக்கத்தில் 1814 இல் செத்துப்போன விசித்திரமான மனிதர். பீரங்கிக் குழாய் துளைக்கும்போது உண்டாகும் சூட்டைப் பார்த்து, வெப்பம் ஒரு பொருளில்லை, அது இயக்கம் என்று வாதிட்டவரும் இவரே. 1812 இல் இவர் கோப்பியைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அப்போது பிரான்சில் சொட்டு முறைக் கோப்பிக் குவளைகள் பரவியிருந்தன: மேலே தூள், அதன் மேல் வெந்நீர், கீழே சாறு. றம்ஃபோர்ட் கவனித்தது, தூளை மட்டமாக்கி ஒரே சீராக அமுக்காவிட்டால் தண்ணீர் எல்லா இடத்தாலும் ஒரே மாதிரி இறங்காது என்பதை. அதோடு, மேலிருந்து ஊற்றும் தண்ணீரே மட்டமாக்கிய தூளைக் கிளறிக் குலைத்துவிடும். அதற்கு அவர் சொன்ன வழி, தூளின் மேல் துளையிட்ட வட்டத் தகடு ஒன்றை வைப்பது. எஸ்பிரெஸ்ஸோ என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே பூவாளித்தட்டின் தேவை எழுத்தில் வந்துவிட்டது.

இன்னொரு ஆளையும் இங்கே கொண்டுவர வேண்டும். பிரான்சின் டிஜோன் நகரத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த பொறியியலாளர் ஒன்றி டார்சி. மணல் வடிகட்டி வழியே தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்கும் என்று குழாய்க்குள் மணலை நிரப்பி அளந்து, 1856 இல் அந்த நகரத்தின் நீர்வழங்கல் பற்றிய நூலில் வெளியிட்டார். அழுத்த வேறுபாடு கூடினால் ஓட்டம் கூடும், மணற்படுக்கையின் தடிப்புக் கூடினால் ஓட்டம் குறையும், மிச்சமெல்லாம் மணல் எவ்வளவு இடம்விடும் என்பதைப் பொறுத்தது. இன்றைக்கும் நிலத்தடி நீரைப் பற்றிப் படிக்கிற ஆட்கள் இந்த விதியில்தான் தொடங்குகிறார்கள். கோப்பித்தூளும் ஒரு மணற்படுக்கைதான். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: படுக்கை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஒரு இடம் கொஞ்சம் இளகியிருந்தால் தண்ணீர் அதால் கூடுதலாக ஓடும், ஓட ஓட அந்த இடம் இன்னும் அரிபடும், அரிபட அரிபட இன்னும் கூடுதலாக ஓடும். கோப்பிக்காரர்கள் இதை சனலிங் என்பார்கள். எங்களிடம் வாய்க்கால் விழுவது என்ற சொல் இருக்கிறது, அதுவே போதும்.

புட்டுக்குழலில் இதை எல்லாரும் பார்த்திருப்போம். மாவை ஒரு பக்கம் இறுக்கி ஒரு பக்கம் இளக்கி அடைத்தால் ஆவி இளகின பக்கத்தாலே கிளம்பி மேலே வந்துவிடும். அந்தப் பக்கம் வெந்திருக்கும், மற்றப் பக்கம் வெள்ளை மாவாகக் கொட்டும்.

இனி இயந்திரங்களுக்கு வருவோம். 1884 இல் தூரின் நகரில் அஞ்செலோ மொரியோண்டோ ஆவி இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். அது ஒரே தடவையில் பெருமளவு கோப்பி வடிக்கிறது. 1901 இல் மிலானின் லூயிஜி பெஸ்ஸேரா ஒரு கோப்பைக்கு ஒரு கைப்பிடி என்ற வடிவத்தைக் கொண்டுவந்தார். அந்த உரிமையை வாங்கிய டெசிடேரியோ பவோனி சில ஆண்டுகளுக்குள் வியாபாரமாக்கினார். 1906 இன் மிலான் பொருட்காட்சியில் அது மக்களின் முன்னால் வந்தது. இவை எல்லாவற்றிலும் தண்ணீரைத் தள்ளியது பொயிலரின் ஆவி. ஒன்றரை, கூடினால் இரண்டு பார். அதற்கு மேலே போனால் பொயிலர் வெடிக்கும் பயம். தவிர, ஆவியை இறுக்க இறுக்கத் தண்ணீரின் சூடும் ஏறும், கோப்பி கருகின ருசி தரும். அழுத்தம் குறைவு என்பதால் மிகவும் நைசாக அரைத்த தூளைப் போட முடியாது, தண்ணீர் இறங்காது. பரும்படித் தூளில் தண்ணீருக்கு எங்கும் வழி இருக்கும், ஆகவே நனைவதில் சின்னப் பிழைகள் நடந்தாலும் பெரிய தண்டனை கிடைக்காது.

தண்டனை கடுமையானது அகில்லே கஜ்ஜாவால்.

மிலானில் கோப்பிக்கடை நடத்திய கஜ்ஜா 1938 இல் ஆவியைத் தவிர்த்து, திருகிச் சுழற்றும் பிஸ்ரனால் தண்ணீரைத் தள்ளும் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். போர் முடிந்தபின், 1947 இல், ஸ்பிறிங்கும் லீவரும் கொண்ட வடிவத்துக்கு இன்னொன்று. 1948 இல் அந்த இயந்திரங்கள் கடைகளுக்கு வந்தன. அமெரிக்க இராணுவ ஜீப்பின் உறுப்பு ஒன்றைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை சுற்றித் திரிகிறது. 1938 இல் மிலானில் அமெரிக்க ஜீப்புகள் ஓடவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறோம். ஆவி இல்லாமல் இயங்குகிறது என்பதையே விளம்பரப் பலகையில் எழுதி வைத்தார்கள். அதுவரை ஆவிதான் பெருமை, இனி ஆவி இல்லாததுதான் பெருமை!

லீவர் இயந்திரம் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் மெதுவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பூவாளித்தட்டின் முழுக் கதையும் இதற்குள்தான் கிடக்கு. கடைக்காரர் நீண்ட கைப்பிடியைக் கீழே இழுக்கிறார். சிலிண்டருக்குள் பிஸ்ரன் மேலே போகிறது, அதன் மேலுள்ள ஸ்பிறிங் நெருங்குகிறது. பிஸ்ரன் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டியதும் சிலிண்டர்ச் சுவரிலுள்ள துளை திறபடுகிறது, பொயிலரிலிருந்து வெந்நீர் பாய்ந்து உள்ளே வருகிறது. சில செக்கன்கள் காத்திருந்துவிட்டுக் கையை விட்டால், ஸ்பிறிங் தன் பாட்டில் விரிந்து பிஸ்ரனைக் கீழே தள்ளுகிறது, லீவர் மெல்ல மேலே ஏறுகிறது. கிணற்றடியில் துலாவால் அள்ளிய ஆட்களுக்கு இது பழக்கமான ஏற்பாடு: கொடியை இறக்குவதுதான் ஆளின் பாடு, வாளியைத் தூக்குவது பின்பக்கப் பாரத்தின் வேலை. இங்கேயும் கடைக்காரரின் பலம் ஸ்பிறிங்குக்குள் சேமிக்கப்பட்டுப் பிறகு செலவாகிறது.

ஸ்பிறிங் முழுதாக நெருங்கியிருக்கும்போது எட்டு முதல் பத்துப் பார் வரை தரும். விரிய விரியத் தள்ளுபலம் குறையும், ஹூக்கின் விதிதான். இதனால் லீவர் கோப்பியில் அழுத்தம் உச்சத்தில் தொடங்கிச் சரிந்துகொண்டே போகிறது. சாறு இறங்க இறங்கத் தூளின் எதிர்ப்பும் குறைவதால் இந்தச் சரிவு ஒரு நல்ல பொருத்தம். கடைசியில் வரும் கசப்பு நீர் வேகமாக அடித்துக்கொண்டு வராது. லீவர் கோப்பியின் வட்டமான ருசிக்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள், அது சரியும்கூட.

ஆனால் ஸ்பிறிங் இறங்க முன்னம் அந்தச் சிலிண்டருக்குள் நடப்பதைப் பாருங்கள். பொயிலரில் ஒரு பார் மேலதிக அழுத்தத்தில் தண்ணீர் 120 பாகை செல்சியஸுக்குக் கிட்ட இருக்கிறது. பிஸ்ரன் மேலே போகும்போது கீழே ஒரு வெற்றிடம் மாதிரி உண்டாகும். துளை திறந்ததும் இந்த அதிசூட்டுத் தண்ணீர் அந்த வெறுமைக்குள் பாய்கிறது, ஒரு பகுதி அந்தக் கணத்திலேயே ஆவியாகச் சீறுகிறது. மிச்சம், குளிர்ந்த கனத்த உலோகத்தில் பட்டு, தொண்ணூறு சொச்சப் பாகைக்கு இறங்குகிறது. இதெல்லாம் இரண்டு மூன்று செக்கன்களுக்குள். முக்கியமான விசயம், அந்தத் துளை பக்கச் சுவரில் இருக்கிறது. தண்ணீர் நடுவிலிருந்து வருவதில்லை, ஓரத்திலிருந்து, சாய்ந்து, நுரைத்துக்கொண்டு வருகிறது. கீழே இருப்பதோ ஆவி இயந்திரக் காலத்துப் பரும்படித் தூள் அல்ல. ஒன்பது பாருக்காக நைசாக அரைத்து, அமுக்கி வைத்த வில்லை. நாற்றுமேடை மேல் வாளி கவிழ்கிற கணம் இது.

தட்டு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை. தட்டு என்ன செய்கிறது? துளைகள் சின்னதாக இருந்தால் தண்ணீர் விழுந்த இடத்தாலேயே கீழே போக முடியாது. தட்டின் மேல் தேங்கி, பரவி, எல்லாத் துளைகளாலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மழையாக இறங்குகிறது. துளைகள் பெரிதாக இருந்தால் பாய்ந்த பக்கத்தாலே பொத்தென்று விழும். வேகத்தையும் யோசித்துப் பாருங்கள். ஒரு கணக்குக்காக, 4 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு துளையால் செக்கனுக்கு 15 மில்லிலீற்றர் உள்ளே வருகிறது எண்டு வைப்பம். அது செக்கனுக்கு 1.2 மீற்றர் வேகம். அதே தண்ணீர் 0.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள 200 துளைகளால் பரவி இறங்கினால் வேகம் செக்கனுக்கு 40 சென்ரிமீற்றருக்கும் குறைவு. மூன்றில் ஒன்று. அதுவும் ஒரே இடத்தில் அடிக்காமல் இருநூறு இடங்களில்.

இதே கணக்கை ஸ்பிறிங் இறங்கும் நேரத்துக்குப் போட்டால் சுவாரசியமான விடை வருகிறது. அப்போது ஓட்டம் செக்கனுக்கு ஒரு மில்லிலீற்றர் அளவுதான். 200 துளைகளுக்கும் பங்கிட்டால் வேகம் செக்கனுக்கு 2.5 சென்ரிமீற்றர். அவ்வளவு மெதுவாகப் போகும் தண்ணீரைத் தட்டு தடுப்பதற்குச் செலவாகும் அழுத்தம், ஸ்பிறிங் தரும் எட்டுப் பாரோடு ஒப்பிட்டால் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத துளி. சிலிண்டரும் தட்டுக்குக் கீழேயுள்ள இடைவெளியும் தண்ணீரால் நிரம்பியபின் பாஸ்கலின் விதி ஆட்சிக்கு வந்துவிடுகிறது: அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்று. தட்டில் ஐம்பது துளை இருந்தாலும் ஐந்நூறு இருந்தாலும் வில்லையின் மேற்பரப்பில் ஒரே அழுத்தம்தான்.

ஆக, லீவர் இயந்திரத்தில் பூவாளித்தட்டின் வேலை முதல் சில செக்கன்களோடு முடிந்துவிடுகிறது. நைசான துளைத்தட்டு வாங்கினால் கோப்பி முழுக்க முழுக்க மாறும் என்று விற்பவர்கள் சொல்வதைக் கேட்கும்போது இதை நினைவில் வைத்திருக்கலாம். அதே நேரம், முதல் சில செக்கன்கள்தானே என்று தள்ளிவிடவும் முடியாது. அந்தச் செக்கன்களில் ஒரு பக்கம் நனைந்து உப்பி, ஒரு பக்கம் காய்ந்து கிடந்தால், அதற்குப் பிறகு பாஸ்கலின் சமமான அழுத்தம் சமமில்லாத ஒரு படுக்கையின் மேல் இறங்குகிறது. சமமான அழுத்தம் அந்தப் பிழையைத் திருத்தாது, பெருப்பிக்கும். வாய்க்கால் விழுவது ஸ்பிறிங் இறங்கும்போது, அதற்குக் கால்கோள் இடுவது அதற்கு முன்னம்.

இது ருசியில் எப்படித் தெரியும்? 1950களில் அமெரிக்காவில் ஏர்னெஸ்ட் லொக்ஹார்ட் என்ற வேதியியலாளர், தூளின் எடையில் 18 முதல் 22 வீதம் வரை கரைந்து வந்தால் நல்ல கோப்பி என்று ஒரு வரையறை வகுத்தார். இப்போதும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். 16 கிராம் தூளில் மூன்று கிராம் சொச்சம். சிக்கல் என்னவென்றால் இது ஒரு சராசரி. வில்லையின் பாதியில் 26 வீதமும் மற்றப் பாதியில் 14 வீதமும் கரைந்தாலும் சராசரி 20 தான் வரும். அளவுகோல் பாஸ் போடும், நாக்கு போடாது. ஒரு பாதியின் கசப்பும் மற்றப் பாதியின் புளிப்பும் ஒரே கோப்பையில் வந்து நிற்கும். சராசரி வருமானத்தை வைத்து ஒரு நாட்டின் வறுமையை அளக்கிற பொருளியல் கட்டுரைகளை நாங்கள் நிறைய வாசித்திருக்கிறோம், இந்த வித்தை புதிதல்ல.

தட்டுக்கு இன்னொரு வேலை இருக்கிறது, பம்ப் இயந்திரங்களில் அவ்வளவாகத் தெரியாத வேலை. லீவரை இழுக்கும்போது பிஸ்ரன் மேலே உறிஞ்சுகிறது. ஒரு தடவையில் போதுமான கோப்பி வராமல் இரண்டாந் தரம் இழுக்கும் ஆட்கள் உண்டு. அப்போது கீழே கிடப்பது நனைந்த வில்லை. உறிஞ்சல் அதை மேலே தூக்கப் பார்க்கும், வெடிக்க வைக்கும். தட்டு அந்த வில்லையைத் தடுத்து நிறுத்துகிறது, பொடி சிலிண்டருக்குள் போய்ப் பிஸ்ரனின் றப்பர் வளையங்களைத் தேய்க்காமல் பார்க்கிறது. அப்படியும் நுண்பொடி தட்டின் துளைகளுக்குள் இழுபட்டு, கோப்பி எண்ணெயோடு சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது. துளை எவ்வளவு நைசோ அவ்வளவு சீக்கிரம் அடைபடும். இதனால்தான் தட்டை வடிவமைப்பது ஒரு இழுபறி: பரவலுக்குச் சின்னத் துளை வேண்டும், அடைபடாமல் இருக்கப் பெரிய துளை வேண்டும். பெரிய துளைத் தகட்டோடு நைசான கம்பிவலையைச் சேர்த்து வைப்பது ஒரு சமரசம். அந்த வலை தகட்டோடு ஒட்டும் இடத்தில் அழுக்குப் பிடிக்கும் என்பது சமரசத்தின் விலை.

தட்டுக்கும் வில்லைக்கும் இடையிலுள்ள இடைவெளியும் சேர்த்தித்தான் வடிவமைப்பு. தூள் நனைந்ததும் உப்பும். இடைவெளி இல்லாவிட்டால் உப்பிய வில்லை தட்டில் போய் முட்டி, முட்டிய இடத்திலுள்ள துளைகளை அடைக்கும். அப்போது முன்னே சொன்ன மழை, சில துளைகளின் மழையாகச் சுருங்கிவிடும். இடைவெளி கூடினால் அதற்குள் காற்று அகப்படும். அந்தக் காற்றுக்கு வெளியேறக் கதவில்லை. கொஞ்சம் வில்லை வழியாகக் கீழே போகும், மிச்சம் பிஸ்ரனுக்குக் கீழே மெத்தை மாதிரி நின்றுவிடும். கையை விட்டதும் லீவர் எதிர்ப்பில்லாமல் கொஞ்சத் தூரம் ஏறிவிட்டுப் பிறகுதான் பிடிக்கும். கைப்பிடியில் வேலை செய்கிற ஆளுக்கு இது உள்ளங்கையிலேயே தெரியும்.

எதிர்ப்பே இல்லாவிட்டால் நிலைமை வேறு. கோப்பி போடாமலோ, தண்ணீர் வராத நிலையிலோ லீவரை விட்டால் அந்த ஸ்பிறிங்கின் முழுப் பலத்தோடும் கைப்பிடி மேலே பாயும். தாடையை உடைத்த சம்பவங்கள் உண்டு. பழைய லீவர் இயந்திரங்களின் அழகைப் பற்றி எழுதுபவர்கள் இதையும் எழுதலாம். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை அந்த ஸ்பிறிங்கை இழுத்தது யாரோ ஒருவருடைய தோள்தான்.

1953 இல் லண்டன் சோஹோவின் ஃபிரித் வீதியில் மோக்கா பார் கஜ்ஜா இயந்திரத்தோடு திறந்தது, இத்தாலிய நடிகை ஜீனா லொலோபிரிஜிடா வந்து திறந்துவைத்தார். மதுக்கடைக்குப் போக வயது காணாத இளசுகள் இரவில் கூடியிருக்க ஒரு இடம் கிடைத்தது. லீவர் அந்தப் பத்தாண்டின் சின்னமானது. ஆனால் முதலாளிகளுக்கு லீவரோடு ஒரு மனக்குறை இருந்துகொண்டே இருந்தது. கோப்பியின் தரம் கூலிக்கு நிற்கும் ஆளின் கையில் இருந்தது. எவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டுக் கையை விடுவது, இரண்டாந் தரம் இழுப்பதா விடுவதா என்பதெல்லாம் பழகினவருக்கே தெரியும். அவர் வேறு கடைக்குப் போனால் கோப்பியும் போய்விடும்.

தொடக்கத்தில் கஜ்ஜாவோடு சேர்ந்து இயந்திரங்கள் செய்த எர்னெஸ்ரோ வலென்ரேயின் ஃபாயெமா நிறுவனம் 1961 இல் ஈ61 ஐக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு பெப்ரவரியில் இத்தாலியில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தை வைத்துத்தான் அந்தப் பெயர். மின்பம்ப் நகரக் குழாய்த் தண்ணீரை எடுத்து ஒன்பது பாரில் தொடர்ந்து தள்ளியது. பிஸ்ரன் இல்லை, ஸ்பிறிங் இல்லை, தோள் தேவையில்லை. பூவாளித்தட்டு மட்டும் போகவில்லை, அதன் வேலை மாறியது. பம்ப் இயந்திரத்தில் தண்ணீர் மேலிருந்து, நடுப்பக்கமாக, சின்னத் துளையால் பீறிட்டு வரும். அதனால் தட்டுக்கு மேலே அந்தத் தாரையை உடைத்துப் பக்கங்களுக்குப் பிரிக்க இன்னொரு உறுப்புத் தேவைப்பட்டது. பல பம்ப் இயந்திரங்களில் தட்டை நடுவில் ஒரு திருகாணி பிடித்துக்கொண்டிருக்கும், அதன் அச்சு வில்லையின் நடுவில் குழியாக விழும். லீவர் இயந்திரத்தில் பிஸ்ரன் தட்டுக்கு மிகக் கிட்ட வந்து நிற்பதால் பெரும்பாலும் திருகாணிக்கு இடமில்லை, தட்டு விளிம்பால்தான் பிடிபட்டிருக்கும். பம்ப் இயந்திரத்துக்காகச் செய்த தட்டைப் பற்றிச் சொல்லப்படும் நியாயங்களை அப்படியே லீவருக்குப் பொருத்தக்கூடாது என்று நாங்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். இரண்டிலும் தண்ணீர் வரும் திசையே வேறு.

லீவர் கடைகளிலிருந்து முழுதாக ஒழிந்துபோகவில்லை. நாப்போலியில் இப்போதும் பல கடைகளில் அதுதான். வீட்டுப்பக்கம் 1960களின் தொடக்கத்தில் லா பவோனி நிறுவனம் யூரோபிக்கோலா என்ற சின்ன லீவர் இயந்திரத்தை வெளியிட்டது. அதில் ஸ்பிறிங்கும் கிடையாது, அழுத்துவது கைதான். 1973 இன் ஜேம்ஸ் பொண்ட் படத்தில் ரோஜர் மூர் தன் மேலதிகாரிக்குக் கோப்பி போட்டுக்கொடுப்பது அதில்தான். துப்பாக்கியைவிட அந்த இயந்திரத்தைத்தான் அவர் அதிகம் மதிக்கிற மாதிரி இருக்கும்!

இப்போதைய நிலவரம். அமிலத்தால் அரித்தும் லேசரால் சுட்டும் மிகச் சீரான துளைகளோடு தட்டுகள் செய்கிறார்கள். பழைய அச்சில் குத்திய துளைகளில் ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாக இருக்கும், ஓரம் பிசிறாக இருக்கும். இவற்றில் அது இல்லை, கழுவவும் சுகம். வில்லையின் மேல் தனியாக ஒரு உலோகச் சல்லடை வைக்கிறார்கள். சிலர் வட்டமாக வெட்டிய வடிதாளை வைக்கிறார்கள். றம்ஃபோர்ட் 1812 இல் தூளின் மேல் வைத்த தகடு இரண்டு நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்து, இணையக் கடையில் பெட்டிக்குள் இருக்கிறது.

இவற்றுக்குப் பயன் இல்லையென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் வரிசை முக்கியம். 2020 இல் மற்றர் என்ற ஆய்விதழில் கணிதவியலாளர்களும் வேதியியலாளர்களும் சேர்ந்து எழுதிய ஒரு ஆய்வு, தூளை ஒரு கட்டத்துக்கு மேல் நைசாக அரைத்தால் கரைந்து வரும் அளவு கூடாமல் குறையத் தொடங்குகிறது என்று காட்டியது. காரணம், படுக்கையின் சில பகுதிகளில் ஓட்டம் தடைப்பட்டு, தண்ணீர் சமமில்லாமல் போவதுதான். அவர்களின் பரிந்துரை புதிய உலோகம் எதுவுமில்லை: கொஞ்சம் பரும்படியாக அரையுங்கள், தூளைக் குறையுங்கள். பூவாளித்தட்டு எவ்வளவு நேர்த்தியாக மழை பெய்தாலும், நைசு கூடி அடைபட்ட படுக்கைக்குள் நுழைய அதனால் முடியாது. அரைப்பும் மட்டமாக்கலும் முதலில், தட்டின் சுத்தம் அடுத்தது, தட்டின் மாதிரி அதற்கும் பிறகு.

சுத்தம் என்று சொன்னது சும்மா இல்லை. எங்கட வயதுப் பிள்ளைகள் கொழும்பிலும் டோஹாவிலும் ரொறன்ரோவிலும் கோப்பிக்கடைகளில் நிற்கிறார்கள். கடை பூட்டும் நேரத்தில் அந்தத் தட்டைக் கழற்றி, வெந்நீரில் ஊறப்போட்டு, பிறஸ்ஸால் தேய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எந்தத் துளை அடைபட்டிருக்கு எண்டு பார்ப்பது அவர்கள்தான். பாதித் துளை அடைபட்ட விலையுயர்ந்த தட்டு, முழுதாகத் திறந்த மலிவான தட்டைவிட மோசமாக மழை பெய்யும்.

உங்கள் கைக்கு ஒரு லீவர் இயந்திரம் அகப்பட்டால் பிழை தட்டிலா வேறெங்குமா என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத ஒரு வழி உண்டு. அடிப்பாகம் திறந்த கைப்பிடியைப் போட்டு, கீழிருந்து பாருங்கள், முதல் துளிகள் வில்லையின் எந்தப் பக்கத்தில் கசிகின்றன என்று. நாலைந்து கோப்பைக்கு ஒரே பக்கமே முதலில் நனைந்தால், தட்டை மட்டும் கழற்றி அரைவட்டம் திருப்பிப் போடுங்கள். நனையும் பக்கமும் தட்டோடு சேர்ந்து திரும்பினால் தட்டில் அடைப்பு. திரும்பாமல் பழைய இடத்திலேயே நின்றால் தண்ணீர் வரும் துளையின் பக்கத்தையோ, இயந்திரம் நிற்கும் மேசையின் சாய்வையோ, தூளை அமுக்கும் கையையோ பாருங்கள். மேசைக்கு ஒரு சின்ன நீர்மட்டம் வைத்தால் தெரிந்துவிடும்.